இருநூற்றுப் பதினேழாம் வாக்கியம்

வியாழன் காலை. லூகோ மலைச்சரிவில்
மூடுபனி வேலியோடு நின்றுவிட்டது,
உள்ளே வர அனுமதிச் சீட்டு இல்லாததுபோல்.

எலாடியோவின் முன்னால்
முன்னூற்று நாற்பது வாக்கியங்களை வைக்கிறேன்.
சரி, அல்லது தவறு.
பென்சில் கட்டைவிரல் நீளம்.
அதற்குமேல் தருவதில்லை.

எனக்குச் சட்டென்று கோபம் வரும்.
தவறு.
சின்ன வயதில் ஒரு மிட்டாய்கூடத் திருடியதில்லை.
சரி.
யாரைப் பற்றியும் புறம் பேசியதில்லை.
சரி.
இரவில் நன்றாகத் தூங்குகிறேன்.
சரி என்கிறது பென்சில்.
கண்ணுக்குக் கீழே தொங்கும் இரண்டு நீலப் பைகள்
தவறு என்கின்றன.

தன்னை நல்லவனாக வரைந்து காட்டுகிறவனைப் பிடிக்க
தாளில் ஆங்காங்கே கண்ணி உண்டு.
ஒவ்வொன்றிலும் ஒழுங்காகக் கால் வைக்கிறான்.
எனக்கு இது பழகிவிட்டது. பதினோரு வருடத்தில்
தான் கெட்டவன் என்று முதல் பக்கத்திலேயே எழுதியவன்
ஒரே ஒருவன்.
அவனிடம்தான் நான் அதிகம் பயந்தேன்.

கற்பலகைச் சுரங்கத்தில் வேலை எலாடியோவுக்கு.
கூரைக்குப் போகும் கருங்கல்லை
ஏடு ஏடாகப் பிரிப்பவன்.
"ஓங்கி அடிக்கக் கூடாது, டாக்டர்.
நரம்பு எங்கே ஓடுகிறதென்று பார்த்து
மெதுவாகத் தட்டணும். தானே விட்டுக்கொடுக்கும்."
சொல்லும்போது முகம் மலர்ந்தது.
நான் டாக்டர் இல்லை என்று திருத்துவதை
எப்போதோ விட்டுவிட்டேன்.

கோப்பின் நான்காம் பக்கத்தில்
சபேலாவின் இடது காது.
இனிக் கேட்காது என்று ஒரே வரி.
அவளுடைய வாக்குமூலம் இருபத்திரண்டு பக்கம்.
அதில் அடித்த நாட்கள் குறைவு.
மீதியெல்லாம் தட்டிய நாட்கள்:
செல்பேசியின் கடவு எண் கேட்டது,
காரின் கிலோமீட்டரைக் குறித்து வைத்தது,
தங்கை வீட்டுக்குப் போய் வந்தால்
மூன்று நாள் வாய் திறக்காதது,
என்னை விட்டால் உனக்கு யார் இருக்கிறார்கள் என்று
நெற்றியில் முத்தமிட்டபடியே கேட்டது.

முதல் மார்ச்சில் ஒரு வாரம்
அவன் அறைக்குள் மணிக்கு நான்கு முறை
எட்டிப் பார்த்தார்கள்.
இப்போது மாலையில் ஒரு வெள்ளை மாத்திரை,
விழுங்கியதும் நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும்.
நோயால் அடித்தானா, அடித்தபின் நோயா?
நீதிபதி கேட்டால் என் பதில் அரைப் பக்கம் நீளும்,
ஆனால் பதிலாக இருக்காது.
வெளியே எல்லோரிடமும் இரண்டு பெட்டிகள் உண்டு.
ஒன்றில் பைத்தியம், ஒன்றில் அரக்கன்.
இங்கே இருப்பவர்கள் சட்டையை மடித்து வைக்கிறார்கள்,
அம்மாவுக்குக் கடிதம் எழுதுகிறார்கள்,
கால் ஊனமான புறாவுக்கு ரொட்டி மிச்சம் பிடிக்கிறார்கள்.
புறா இவனிடம் மட்டும்தான் கிட்டே வரும்.

இருநூற்றுப் பதினேழு.
வீட்டில் அடிக்கடி பயம் இருந்தது.

பென்சில் நின்றது.
சூடேற்றிக் குழாயில் தண்ணீர் முட்டியது.
அடுத்த அறையில் யாரோ சீட்டில் ஜெயித்துக் கத்தினார்கள்.

"யாருடைய பயம்?" என்றான்.

விளக்கம் சொல்லக் கூடாது என்பது விதி.
உங்களுக்குப் புரிகிறபடி, என்றேன்.

"இல்லை, அப்பா படியேறி வரும்போது
ஒவ்வொரு படியாக எண்ணுவேன், பதினான்கு படி,
அந்தப் பயமா? இல்லாவிட்டால்..."

இல்லாவிட்டாலுக்குப் பின்
ஒன்றும் வரவில்லை.
அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.
பிறகு கட்டத்தைக் காலியாக விட்டு
இருநூற்றுப் பதினெட்டுக்குப் போனான்.
நான் எல்லோரிடமும் அன்பாக இருக்கிறேன்.
சரி.

இயந்திரம் தாளை விழுங்கித் துப்பியது.
விடையளிக்காதவை: ஒன்று.
முடிவைப் பாதிக்காது.

அறிக்கையில் அதை எழுதினேன், அழித்தேன், எழுதினேன்.
ஒரு வெற்றுக் கட்டத்துக்கு
இரண்டு மாதத் தண்டனைக் குறைப்பு கேட்கலாமா?
அவன் வக்கீல் கேட்பார்.

சபேலாவிடம் இதைச் சொல்ல எனக்கு அனுமதியில்லை.
அவள் கேட்கவுமில்லை.
ஊர் மாற்றி, பூட்டு மாற்றி,
செத்த காதைத் தலையணையில் அழுத்திக்கொண்டு
படுக்கிறாளாம், இருபத்திரண்டாம் பக்கத்தில் இருக்கிறது,
கேட்கிற காது
கதவைப் பார்த்து இருக்கும்படி.